அக்கறைக்கும் அங்கீகாரத்துக்கும் நடுவே

வண்டியின் அதிகாரபூர்வ வரலாறு நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். கெட்டி அட்டை, தங்க எழுத்து, பக்கம் அடையாளம் வைக்கச் சிவப்பு நாடா. அக்காவின் வீட்டுக்காரர் அதை நூலகத்திலிருந்து துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்து, மேசையில் வைத்து, கடைசிப் பக்கத்திலிருந்து திறந்தார். பஸ் டிப்போவில் முப்பது வருஷம் கால அட்டவணை போட்ட மனுஷர். எந்தப் புத்தகமானாலும் பின்னால் இருக்கிற அகரவரிசைப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்குப் போவார்.

"உன் பேரு இல்லையே," என்றார்.

"நல்லாப் பாருங்க. முதல் எழுத்துலயே வரணும்."

"அங்கதான் பாக்கறேன். அக்கறை இருக்கு. பேரவையின் சமூக அக்கறை, பக்கம் பதினாலு, இருபது, முப்பத்தொண்ணு, எக்கச்சக்கமா இருக்கு. அதுக்கு அடுத்தது அங்கீகாரம். நடுவுல அக்கா இல்ல."

அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தானே பார்த்தாள். அக்கறைக்கும் அங்கீகாரத்துக்கும் நடுவே துளி வெள்ளை இடம்தான் இருந்தது.

வண்டி என்றதும் சக்கரம் வைத்த சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். அது ஓர் இயங்குதளம். கணினியை எழுப்பிவிட்டு, அதற்குள் நடக்கிற வேலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற அடிப்படை மென்பொருள். அதைச் செய்தவர்கள் உள்ளே இருப்பதை ஒளிக்காமல் திறந்தே வைத்தார்கள். யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பது அதன் உரிமத்தின் முதல் வரி. எந்த ஓட்டைக் கணினியிலும் ஓடும் என்பதால் வண்டி என்று பெயர் வைத்தார்கள்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், செருப்புத் தைக்கிற கடைக்கு மேலே ஓர் அறையில் அது பிறந்தது. கீழே சுத்தியல் விழுகிற ஒவ்வொரு அடிக்கும் மேலே திரை நடுங்கும். அங்கே கூடியவர்கள் யாரும் சொந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. எல்லாரும் எங்கேயோ சம்பளம் வாங்குகிறவர்கள்; வெளிவேலை பார்ப்பது தெரிந்தால் மேலதிகாரி சீட்டைக் கிழித்துவிடுவார். அதனால் ஒருத்தர் மீசை, ஒருத்தர் வாத்தியார். அந்த அறையில் வயதில் சின்னவன், வண்டியின் முதல் வரியை எழுதினவன், தம்பி. தொலைபேசி நிலையத்தில் பலகை முன்னால் உட்கார்ந்து இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரே பெண், அக்கா.

தம்பி எழுதியது எழும்பும், இரண்டு நிமிஷம் ஓடும், நின்றுவிடும். ஒரு வேலை உள்ளே புகுந்தால் அடுத்ததற்கு வழிவிடாது. உடனே அவன் தொலைபேசி நிலையத்துக்குக் கூப்பிடுவான். வெளியூர் இணைப்புக் கேட்பவன் மாதிரித் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அக்கா, நின்னுபோச்சு," என்பான்.

கூட்டம் நெருக்கும்போது யாரை முதலில் விடுவது என்பது அக்காவுக்குக் கைவந்த கலை. ஒரு நிமிஷம் பேசுகிறவரை முதலில் விட வேண்டும். அரை மணி நேரம் பேசுகிறவர் காத்திருக்கலாம். ஆனால் அவரையும் மூன்று சுற்றுக்கு மேல் காக்க வைக்கக் கூடாது. அவர் எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் சரி, எப்பேர்ப்பட்ட ஆளாக இல்லாவிட்டாலும் சரி. நிலையத்துக்குக் கணினி வந்தபோது பயிற்சிக்கு அனுப்பப்பட்டு நிரல் எழுதக் கற்றுக்கொண்டவள், இந்த ஒரு நியாயத்தை எட்டு மாதம் உட்கார்ந்து நிரலாக எழுதிக் கொடுத்தாள். அதற்கு வரிசை என்று பெயர். அதன்பிறகு வண்டி நிற்கவில்லை. கோப்பின் தலையில் அவள் போட்டது இவ்வளவுதான்:

வரிசை. எழுதியது: அக்கா. தம்பி கேட்டதால்.

அதற்குக் கீழே இன்னொரு வரி: ஏம்ப்பா, இதுக்குக் கீழ கை வைக்காதீங்க. வெச்சா எனக்குக் கோவம் வரும்.

அப்புறம் வண்டி வளர்ந்தது. ஒன்றாம் பதிப்பு ஒரே ஃப்ளாப்பியில் அடங்கியது. நாலாம் பதிப்பு நூலகங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் போனது. ஏழாம் பதிப்பில் அதை நிர்வகிக்க வண்டிப் பேரவை பிறந்தது. எட்டில் பேரவைக்குச் சின்னம் வந்தது. ஒன்பதில் அந்தச் சின்னத்தை எவ்வளவு சாய்வாக ஒட்டலாம் என்பதற்குக் கையேடு, பத்தில் கையேட்டை மீறுகிறவர்களை விசாரிக்கக் குழு. நிரல் எழுதினவர்கள் எந்தப் பதிப்பில் வெளியே போனார்கள் என்று யாரும் குறித்து வைக்கவில்லை.

"ஐந்தாம் அத்தியாயத்தைப் படிங்க," என்றாள் அக்கா.

வீட்டுக்காரர் படித்தார். "'வரிசைப் பகுதி காலத்தின் தேவையால் தானாகவே தோன்றியது.' அவ்வளவுதான் போட்டிருக்கான்."

"தானாவா?"

"மழை பேஞ்சா காளான் வர்ற மாதிரி வந்திருக்கும்போல. நீ எட்டு மாசம் பக்கத்துல சும்மா உக்காந்திருந்தே."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் தொலைபேசி நிலையத்தில் அவள் வெறும் குரல். இணைப்புக் கேட்டவர்களுக்கு அவள் முகம் தெரியாது, பெயர் தெரியாது. அந்த வேலையில் அவள் செய்தது எதுவும் மிஞ்சவில்லை; பலகையையே கழற்றி எடைக்குப் போட்டுவிட்டார்கள். அவள் கையால் செய்து உலகத்தில் மிச்சம் நிற்பது வரிசை ஒன்றுதான்.

"பெரிய எழுத்துல வேணாம். நான் இருந்தேன்னு இருந்தா போதும்," என்றாள்.

பேரவை ஏழு மாடிக் கட்டடம். வாசல் கண்ணாடியில் வண்டிச் சின்னம், சரியான சாய்வில். வரவேற்பில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கணினியில் ஓடியது காசு கொடுத்து வாங்கிய வேறு ஏதோ.

"இங்க வண்டி ஓடலையாம்மா?" என்று அக்கா கேட்டாள்.

"அது பொதுமக்களுக்குங்க," என்றாள் அந்தப் பெண். "இது பேரவை."

டோக்கன் எந்திரம் அக்காவுக்கு ஒன்பது என்று எண் கொடுத்தது. இரண்டுக்குப் பிறகு நாற்பதைக் கூப்பிட்டார்கள், அப்புறம் ஐம்பத்திரண்டை. விசாரித்ததில், நன்கொடை தருகிற பங்காளர் நிறுவனங்களுக்குத் தனி அட்டை உண்டு, அவர்கள் எப்போது வந்தாலும் முன்னால் போகலாம் என்று தெரிந்தது. கையெழுத்து ஒன்று வாங்க வந்த கிழவர் காலையிலிருந்து மூன்றாம் எண்ணோடு உட்கார்ந்திருந்தார். அக்காவுக்குக் கை பரபரத்தது. பலகை மட்டும் கையில் இருந்தால் பத்து நிமிஷத்தில் அந்தக் கூடத்தையே காலி பண்ணியிருப்பாள்.

மதியத்துக்கு மேல் அவள் முறை வந்தது. பெயர் ஒழுங்காற்று அலுவலர் என்று பலகை வைத்த அறை. அலுவலர் நல்ல மனிதர். கெட்டது செய்யும்போது வருத்தப்படுகிற ரகம்.

"பேரு சொல்லுங்கம்மா."

"அக்கா."

"யாரோட அக்கா?"

"எல்லாருக்கும்தான்."

"அப்படி ஒரு உறவு எங்க பட்டியல்ல இல்லையே. அக்கான்னா ஒரு தம்பியோ தங்கச்சியோ இருந்தாகணும்."

"தம்பி இருக்கானே. ஏழாவது மாடியில."

"அவர் நிறுவனத் தலைவர்," என்றார் அலுவலர், குரலைத் தாழ்த்தி.

அக்கா அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இதுல அக்கான்னு இல்லையே."

"எங்கப்பா பேரு வெக்கும்போது நான்தான் முதல் குழந்தை. அப்ப நான் யாருக்கும் அக்கா இல்ல."

அலுவலர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, பொறுமையாக விளக்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க. வரிசையைப் பயன்படுத்தற முந்நூத்தி நாப்பது கோப்புல அக்கான்னு பேர் இருந்தது. பதினாலாம் பதிப்புல ஒழுங்குபடுத்தும்போது எடுத்துட்டோம். எல்லாம் இப்ப 'உரிமை: வண்டிப் பேரவை'ன்னு சுத்தமா இருக்கு. ஏன் எடுத்தோம்? நாட்டுல எத்தனை லட்சம் அக்கா இருக்காங்க. நாளைக்கு ஒவ்வொருத்தரா வந்து நிப்பாங்க. நீங்களே சொல்லுங்க, நீங்க எந்த அக்கா?"

அறுபத்தொரு வயதில் அப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"எழுதினது எல்லாத்தையும் எடுத்துட்டீங்களா?" என்று கேட்டாள் கடைசியில்.

"பேரைத்தாங்க எடுத்தோம். நிரலை எடுத்தா வண்டி ஓடாதே. அப்புறம் அந்தக் கோவம் வரும்னு ஒரு வரி இருக்கு பாருங்க, அதையும் விட்டுவெச்சிருக்கோம். எடுத்தா என்ன ஆகும்னு இங்க யாருக்கும் தெரியல."

ஆக அவளுடைய கோபத்தை மட்டும் பேரவை சொத்தில் சேர்த்துக்கொண்டது.

அந்த வரியே அவளுக்குச் சாட்சி ஆகலாம் என்று அலுவலர் வழி சொன்னார். ஏழாம் எண் படிவம் கொடுத்தால் மெய்காண் குழு கூடும். அக்கா படிவம் கொடுத்தாள். குழு ஆறு வாரம் கழித்துக் கூடியது. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் மொழிநடை வல்லுநர். கோப்பில் இருக்கும் கோபமும் வந்திருப்பவரின் கோபமும் ஒன்றுதானா என்று அவர் ஒப்பிட்டுச் சொல்வார்.

"கோவப்படுங்கம்மா," என்றார்.

"இப்பவா?"

"பத்து நிமிஷம் ஒதுக்கியிருக்கோம்."

அக்கா முயற்சி செய்தாள். எதிரே தண்ணீர் பாட்டில், அழகான ஜன்னல், மூன்று பேரும் பணிவாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கோபம் என்ன குழாயா, திருகினால் வருவதற்கு? "ஏம்ப்பா, கை வைக்காதீங்க," என்று சொல்லிப் பார்த்தாள். ஒப்பிக்கிற மாதிரி இருந்தது.

"கொஞ்சம் உள்ளேயிருந்து," என்று இரண்டாமவர் ஊக்கப்படுத்தினார்.

வராதது வரவில்லை. பத்து நிமிஷம் முடிந்தது. மூன்றாமவர் தாளில் 'கோபம்: போதாது' என்று எழுதியதைத் தலைகீழாகப் படித்த மாத்திரத்தில் அவளுக்குத் தலைக்கேறியது. "ஏன்யா, வேற வேலைவெட்டி இல்லையா உங்களுக்கு? எட்டு மாசம் கண்ணு போக எழுதினவளைக் கூப்பிட்டு நாடகம் நடிக்கச் சொல்றீங்களே, வெக்கமா இல்ல?"

மொழிநடை வல்லுநர் கண்கள் விரிய நிமிர்ந்தார். "அச்சு அசல் அதே நடை," என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "ஆனா நேரம் முடிஞ்சுபோச்சே."

முடிவு தபாலில் வந்தது. அக்கா என்பது தனிநபர் அன்று. பல தன்னார்வலர்கள் பல காலங்களில் புழங்கிய பொதுப்பெயர் என்று குழு கருதுகிறது. ஆயினும் நிறுவனத் தலைவர் ஒரே ஒரு வரியில் உறுதிப்படுத்தினால், அடுத்த அச்சில் பெயரைச் சேர்க்கத் தடையில்லை.

"ஒரு வரிதானே," என்று அக்கா முகம் மலர்ந்தாள். "தம்பி நூறு வரி எழுதித் தருவான்."

வீட்டுக்காரர் கடிதத்தை மடித்து உறையில் போட்டார்.

ஏழாவது மாடியில் தம்பி அவளைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். நாற்பத்தெட்டு வயதாகிவிட்டது, காதோரம் நரைத்திருந்தது. அந்தக் காலத்தில் சம்பளம் பதினைந்தாம் தேதியே தீர்ந்துவிடும் அவனுக்கு. மிச்ச நாள் ராத்திரிச் சாப்பாடு அக்கா வீட்டில்தான். வீட்டுக்காரர் தன் தட்டை அவன் பக்கம் தள்ளிவிட்டு, பசியில்லை என்று எழுந்த நாள்களும் உண்டு.

"அக்கா, சாப்பிட்டீங்களா? ஏன் முன்னாடியே சொல்லல? கார் அனுப்பியிருப்பேனே."

"உன் ஆபீஸ்லதான்டா மூணு மாசமா நிக்கறேன்," என்றாள் அக்கா. விஷயத்தைச் சொன்னாள். கடிதத்தைக் காட்டினாள்.

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "இந்தப் பசங்களை என்ன பண்றது. நீங்க இல்லாம வண்டி ஏது? எத்தனை தடவை உங்களுக்கு ஃபோன் பண்ணியிருப்பேன், நின்னுபோச்சு நின்னுபோச்சுன்னு. எனக்குத் தெரியாதா?"

"அப்ப எழுதிக் குடு. ஒரு வரி."

"எழுதறதுக்கு என்னக்கா. ஆனா அதுல ஒரு சின்ன சிக்கல்." தம்பி நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டான். "வரலாறுன்னா ஜனங்க மனசுல நிக்கணும். ஒரு சின்ன அறை, ஒரு பழைய கணினி, ஒருத்தன் தனியா உக்காந்து எழுதறான். இது நிக்குது. பள்ளிக்கூடத்துல பாடமா வெக்கப் போறாங்க. அங்க ரெண்டாவதா ஒருத்தர் வந்தா, அப்ப மூணாவது யாரு, நாலாவது யாருன்னு கேப்பாங்க. மீசை கேப்பாரு, வாத்தியார் கேப்பாரு. அப்புறம் வண்டியை ஊரே சேர்ந்து செஞ்சதுன்னு ஆயிடும்."

"ஊரே சேர்ந்துதானேடா செஞ்சோம்?"

"செஞ்சோம். ஆனா அப்படிச் சொன்னா தலைவர் எதுக்குன்னு கேட்டுடுவாங்க இல்ல?"

சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் திடுக்கிட்ட மாதிரி இருந்தது. உடனே சிரித்துச் சமாளித்தான். "காகிதத்துல எழுதினா அது ஃபைலோட போயிடும். வெள்ளி விழா வருது. ஆயிரம் பேர் முன்னாடி, மேடையில நானே சொல்றேன். முன்வரிசையில நீங்க உக்காந்திருக்கணும். போதுமா?"

அக்காவுக்குக் கண்கலங்கிவிட்டது. இவனையா சந்தேகப்பட்டோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது. வீடு திரும்பும் வழியில், விழாவுக்கு எந்தப் புடவை என்பதுவரை யோசித்துவிட்டாள்.

வெள்ளி விழா ஒரு சனிக்கிழமை காலை. வாசலில் அடையாள வில்லை கொடுத்தார்கள். அக்காவினுடையதில் 'பயனர், பெயர் உறுதியாகவில்லை' என்று இருந்தது. வீட்டுக்காரருடையதில் 'பயனரின் துணை'. முன்வரிசை முழுக்கப் பங்காளர்களுக்கு என்று கயிறு கட்டியிருந்தார்கள். இருவருக்கும் இருபத்தோராம் வரிசை, தூணுக்குப் பக்கத்தில்.

"இங்கேருந்தும் காது கேக்கும்," என்றாள் அக்கா.

முதலில் பேரவையின் செயலாளர் பேசினார். "தன்னார்வலர்களே எங்கள் உயிர்மூச்சு. அவர்களை நாங்கள் எண்ணிக்கையாகத்தான் பார்க்கிறோம். பெயராகப் பார்த்தால் பாரபட்சம் வந்துவிடும்." கைதட்டல்.

பிறகு தலைமைப் பங்காளர் நிறுவனத்தின் பிரதிநிதி. "வண்டியில் நாங்கள் ஒரு வரிகூட எழுதியதில்லை. அதனால்தான் எங்களால் நடுநிலையோடு அதை வழிநடத்த முடிகிறது." அதற்கு இன்னும் பெரிய கைதட்டல்.

கடைசியில் தம்பி எழுந்தான். ஒரு சின்ன அறை என்றான். ஒரு பழைய கணினி என்றான். கீழே செருப்புக் கடையின் சுத்தியல் சத்தம் என்றான். அக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "நான் மட்டும்," என்றான் தம்பி. "நானும் என் கனவும் மட்டும்."

"கடைசியில சொல்லுவான்," என்று அக்கா வீட்டுக்காரரின் காதில் சொன்னாள். "முதல்லயே சொன்னா நல்லாயிருக்காதுல்ல."

அவர் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

பதினைந்தாம் பதிப்பை இயக்கிக் காட்டும் நேரம். இந்தப் பதிப்பின் பெருமையே வரிசையில் செய்த சீர்திருத்தம்தான் என்றான் தம்பி. பழைய வரிசையில் எல்லா வேலையும் சமம். யாரையும் மூன்று சுற்றுக்கு மேல் காக்க வைக்காது. காலத்துக்கு ஒவ்வாத அந்த விதியை எடுத்துவிட்டார்கள். இனிப் பங்காளர் வேலைகளுக்கு முதல் உரிமை.

"ஐயோ, அதையா எடுத்தாங்க?" என்றாள் அக்கா. அந்த விதிதானே மொத்த வரிசையையும் தாங்கி நிற்கிறது. எல்லாவற்றுக்கும் கீழே கிடக்கிற செங்கல் அது.

தம்பி பட்டனை அமுக்கினான். பின்னால் பெரிய திரையில் தலைமைப் பங்காளரின் சின்னம் தோன்றியது. பளபளவென்று ஒரு சுற்றுச் சுற்றியது. கூட்டம் கைதட்டியது. இரண்டாவது சுற்று. அடுத்த படத்துக்காகத் தம்பி பட்டனை அமுக்கினான். மூன்றாவது சுற்று, நாலாவது, பத்தாவது. பட்டனை அமுக்குவது சின்ன வேலை. பங்காளரின் வேலை முடிந்தால்தானே அதற்கு முறை வரும்? சின்னம் சுற்றுவதற்கோ முடிவே கிடையாது. தம்பி அமுக்கிக்கொண்டே இருந்தான்.

தொழில்நுட்பக் குழு மேடையேறியது, ஆறு பேர். எந்திரத்தைத் தொட எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும் என்று ஒருவர் நினைவூட்டினார். அனுமதி தருகிறவர் யார் என்று இன்னொருவர் கையேட்டைப் புரட்டினார். கையேடு அந்தக் கணினிக்குள்தான் இருந்தது. கூடத்தில் இருமல் சத்தம் கேட்டது. முன்வரிசையில் யாரோ கடிகாரத்தைப் பார்த்தார். தம்பியின் நெற்றியில் வேர்வை மினுமினுத்தது. அவன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, இருட்டில் இருந்த ஆயிரம் தலைகளையும் பார்த்தபடி, தன்னை மறந்து சொன்னான்.

"அக்கா, நின்னுபோச்சு."

ஒலிபெருக்கி அதைக் கூடத்தின் மூலைமுடுக்குக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். யோசித்து எழவில்லை, காது கேட்டது, கால் எழுந்தது. கைகூடத் தலையில் மாட்டும் கேட்புக் கருவியைச் சரிசெய்வதுபோல் காதுக்குப் போனது. எங்கே நின்றிருக்கிறது, எந்த வரியைத் திரும்பப் போட்டால் ஓடும் என்பதெல்லாம் அவளுக்கு அந்த நொடியே தெரியும். இரண்டு அடி எடுத்து வைத்தாள். கழுத்திலிருந்த வில்லை நாற்காலியில் மாட்டி இழுத்தது. பெயர் உறுதியாகவில்லை.

அவள் நின்றாள். பலகை முன்னால் பழகிய குரல், ஒலிவாங்கி தேவைப்படவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவனை மரியாதை போட்டுப் பேசினாள்.

"எந்த அக்காவைக் கூப்பிடறீங்க?"

ஆயிரம் தலையும் தூண் பக்கம் திரும்பியது. தம்பி அவளைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். அவள் காத்திருந்தாள். ஒரு வரி போதும். இதோ, இவங்களைத்தான், என்று கையை நீட்டினால்கூடப் போதும். அவன் உதடு பிரிந்தது. முன்வரிசையில் தலைமைப் பங்காளரின் பிரதிநிதி புருவத்தைத் தூக்கி மேடையைப் பார்த்தார்.

தம்பி சிரித்தான். "பாத்தீங்களா, இதுதான் நம்ம வண்டிக் குடும்பத்தோட பாசம்," என்றான் கூட்டத்தைப் பார்த்து. "எங்க தொழில்நுட்பக் குழுவைச் செல்லமா அக்கான்னுதான் கூப்பிடுவோம். ரொம்ப நாளைய வழக்கம்."

குழுவினர் ஆறு பேரும் தலையசைத்தார்கள். ஆறு பேரில் நாலு பேருக்குப் பெரிய மீசை. கூட்டம் நெகிழ்ந்துபோய்க் கைதட்டியது. பின்னால் சின்னம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அவள் பெயரை எடுத்தவர்களுக்கு அவளைத் தெரியாது. தெரியாதவன் அடித்தால் அது வெறும் அடி. இவன் தெரிந்தே செய்தான். அவள் கையால் சாப்பிட்டவன், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அவளையே எடுத்து ஆறு ஆண்பிள்ளைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தான். அக்கா வில்லையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

இருவரும் பஸ் ஏறினார்கள். மூன்று நிறுத்தம் தாண்டியபின் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். "அந்த ஆறு பேர்ல மூத்த அக்கா யாருன்னாவது கேட்டுட்டு வந்திருக்கலாம்."

அக்கா களுக்கென்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறிவிட்டது. அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவர், எழுந்து அவளை அங்கே உட்கார வைத்துவிட்டு, மற்றவர்கள் பார்க்காதபடி இந்தப் பக்கம் மறைத்து உட்கார்ந்துகொண்டார்.

வீட்டில் அவளுடைய பழைய கணினி, பழைய வண்டியோடு இருந்தது. புடவைகூட மாற்றாமல் அதை எழுப்பினாள். வரிசைக் கோப்பைத் திறந்தாள். மூன்று சுற்று விதி இருந்த இடத்தில் இருந்தது. கோபம் இருந்தது. தலையில் அந்த முதல் வரியும் அப்படியே இருந்தது. எழுதியது: அக்கா. தம்பி கேட்டதால்.

தொலைபேசி அடித்தது. வீட்டுக்காரர் எட்டி எண்ணைப் பார்த்தார்.

"ஏழாவது மாடி," என்றார். "இன்னும் சுத்திக்கிட்டே இருக்கும்போல."

இரண்டாவது தடவை அடித்தது. மூன்றாவது தடவை அடித்தது. இத்தனை வருஷத்தில், நிலையத்திலும் சரி, வீட்டிலும் சரி, மூன்றைத் தாண்டி யாரையும் அக்கா காக்க வைத்ததில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூட எழுந்து வந்து எடுத்திருக்கிறாள்.

"எடுக்கலையா?"

"அடிக்கட்டும்."

நாலாவது தடவை அடித்தது. அக்கா 'தம்பி கேட்டதால்' என்ற இடத்துக்கு முன்னால் விரலைக் கொண்டுபோனாள். படிவம் கிடையாது, குழு கிடையாது, சாட்சி கிடையாது. யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பது உரிமத்தின் முதல் வரி. ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். எழுதியது அக்கா என்பதோடு வரி நின்றது.

சேமிக்கலாமா என்று வண்டி கேட்டது. ஆம் என்றாள். தொலைபேசி அதன்பிறகும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருந்தது.